பல்கலைக்கழகத்தில் பொது மூளை ஆய்வுக்கூடம்: நிதி கேட்பது முதல் கணக்கு முடிப்பது வரை

நரம்பறிவியலில் ஒரு துறை தலையெடுக்க வேண்டுமானால் லேசர் ஒளியால் ஆழம் ஆழமாகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கி, உறைந்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட், உறையாத திசுவை அதிரும் கத்தியால் சீவும் விப்ரடோம், எலிகளின் நடத்தையைப் பதிவு செய்யும் அறை, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவி என்று பல வேண்டும். தனி ஆசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்ட நிதியில் இவை அடங்காது. அடங்கினாலும் அந்தக் கருவி அவர் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அதனால்தான் பொதுக் கருவிக்கூடத்துக்கென்றே தனி நிதித் திட்டங்கள் இருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, துறைக்காக இந்த விண்ணப்பத்தை முதல்முறை எழுதப் போகிறவர்களுக்கானது இக்கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். நிதி தருபவர்கள் கருவிக்குப் பணம் தருவதாகத்தான் காகிதத்தில் இருக்கும். மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் தேடுவதோ மணி நேரத்தை. இந்தக் கருவி ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், யார் ஓட்டுவார்கள், ஐந்தாம் ஆண்டிலும் ஓடுமா? இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்லும் விண்ணப்பம்தான் மேசையில் நிற்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

துறைகளுக்கு முதல் கதவு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘ஃபிஸ்ட்’ திட்டம். 2000ஆம் ஆண்டு தொடங்கியது. தனி ஆசிரியருக்குத் தராமல் துறை முழுவதையும் ஓர் அலகாகக் கருதித் தருகிறது, காலம் ஐந்தாண்டு. விண்ணப்பம் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இ-பி.எம்.எஸ். என்ற விண்ணப்ப இணையதளம் வழியாகச் செல்கிறது. முதலில் சலித்தெடுப்பார்கள், தேறிய துறைகளை வல்லுநர் குழு முன் விளக்கம் தர அழைப்பார்கள். பணியாளர் சம்பளத்தை இந்த நிதியிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். புதியவர்கள் பலர் இடறுவது இங்கேதான். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

பல்கலைக்கழகம் முழுமைக்குமாக என்றால் அதே மத்தியத் துறையின் ‘பர்ஸ்’ திட்டம். அறிதிறன் ஆய்வு மட்டும் என்றால் 2008இல் தொடங்கிய அறிதிறன் அறிவியல் முன்முயற்சி. ஆனால் அது பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்களுக்கானது, பெரிய கருவிக்கூடத்துக்கு அதை நம்ப முடியாது. மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் ‘பேர்’ திட்டம், முன்னணி நிறுவனம் ஒன்றை மையமாக வைத்து, மாநிலப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றை அதனோடு இணைக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே அப்படி இணைந்திருந்தால் அங்கே கேட்பது எளிது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் விட்டுவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, அறிவியல் ஆய்வில் ஈடுபடும் அரசு நிதிப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் தொகையையும் இக்கணக்கில் ஏற்கிறது. அரசு நிதி கருவிக்கு வந்தால், இந்த நிதியை அறை புதுப்பிப்புக்கும் கருவியை இயக்குபவரின் சம்பளத்துக்கும் கேட்பதே நல்ல பொருத்தம். சென்னை ஐ.ஐ.டி.யில் மனித மூளையைச் செல் அளவில் படமெடுக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கொடையாளர் ஆதரவில் எழுந்தது. இத்துறைக்கு அரசுக்கு வெளியேயும் பணம் உண்டு என்பதற்கு அது நம் கண்முன் இருக்கும் சான்று.

முதலில் தலை எண்ணுங்கள், பிறகு மணி எண்ணுங்கள்

கருவிப் பட்டியலோடு தொடங்காதீர்கள். ஒரு விரிதாள் திறந்து, விலங்கியல், உயிர்தொழில்நுட்பம், மருந்தியல், உளவியல், உயிர்மருத்துவப் பொறியியல் என்று கதவு கதவாகப் போய், நடப்பில் நிதி உள்ள ஆய்வுத் திட்டங்களையும் முனைவர் பட்ட மாணவர்களையும் எழுதுங்கள். ‘ஆர்வம் உண்டு’ என்று மட்டும் சொல்பவரைத் தனி நிரலில் போடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு சுண்டெலி மூளையை 50 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவினால் 200க்கு மேல் சீவல்கள் வரும். ஆறில் ஒன்றை எடுத்தால் 36 என்று வைத்துக்கொள்ளலாம். தேவையான பகுதியை மட்டும் கான்ஃபோகலில் படமெடுக்க ஒரு சீவலுக்கு 10 நிமிடம் என்றால் ஒரு சுண்டெலிக்கு 6 மணி நேரம். இரு குழுக்களிலும் சேர்த்து 12 சுண்டெலி என்றால் 72 மணி நேரம். ஒரு மாணவரின் ஒரே ஒரு சோதனைக்கு இவ்வளவு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட அட்டவணை, ‘எங்கள் துறைக்கு மிகவும் இன்றியமையாதது’ என்று எழுதும் இரண்டு பக்கத்தைவிட வலிமையானது.

மறுபக்கம் கருவி தரக்கூடிய நேரம். ஆண்டுக்கு 48 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்றால் 1,680. பழுது, ஒளிப்பாதைச் சரிபார்ப்பு, புதியவர்களுக்குப் பயிற்சி, மின்தடை எல்லாவற்றுக்கும் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். சுமார் 1,250 மணி நேரம் மிஞ்சும். தேவை அட்டவணையின் கூட்டுத்தொகை இதில் 60 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் நல்ல நிலை. 30 விழுக்காடுதான் வருகிறது என்றால் கருவியைக் கேட்கும் காலம் இன்னும் வரவில்லை. பக்கத்து நிறுவனத்தில் நேரம் வாங்கிப் பயன்படுத்துங்கள். அந்த ரசீதுகளே அடுத்த விண்ணப்பத்துக்குச் சான்றாகும். 100ஐத் தாண்டினாலும் சிக்கல்தான்: குழு நம்பாது.

அடுத்த வேலை, அருகில் இதே கருவி இருக்கிறதா என்று பார்ப்பது. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் தளத்தில் நாடெங்கும் உள்ள கருவிகளைத் தேடலாம். குழுவில் யாராவது ஒருவர் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்திருப்பார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். 15 கிலோமீட்டரில் ஒரு கான்ஃபோகல் இருந்தால் அதை மறைக்காமல் எழுதி, அது ஏன் போதாது என்று காட்டுங்கள்: காத்திருப்பு எத்தனை வாரம், உயிருள்ள சீவலை எடுத்துச் செல்ல முடியாதது, உங்களுக்கு வேண்டிய லேசர் அங்கே இல்லாதது.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

புதியவர்கள் ஆசைப்படுவது இரு ஃபோட்டான் நுண்ணோக்கிக்கு. உயிரோடிருக்கும் விலங்கின் மூளையில் நரம்பணுக்கள் ஒளிர்வதைப் பார்க்கும் கருவி, ஆசை இயல்புதான். ஆனால் அதன் துடிப்பு லேசரைப் பராமரிக்கவும், விலங்கின் மண்டையில் கண்ணாடிச் சாளரம் வைக்கவும், மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்க்கவும் தேர்ந்த கைகள் இல்லாத இடத்தில் அது ஓராண்டில் துணி போர்த்தி நிற்கும். எங்கள் பரிந்துரை: முதல் விண்ணப்பத்தில் சங்கிலி அறுபடாமல் கேளுங்கள். பதப்படுத்திய மூளைக்கும் உயிருள்ள மூளைக்கும் ஆகும் விப்ரடோம், கிரையோஸ்டாட், கான்ஃபோகல், நடத்தை அறை, படப் பகுப்பாய்வுக் கணினி. கான்ஃபோகல் மட்டும் வந்து விப்ரடோம் வராவிட்டால் 2 கோடி ரூபாய்க் கருவி, சீவல் இல்லாமல் காத்திருக்கும். இப்படி நடப்பது அரிதன்று; விலை குறைந்த கருவிதான் பட்டியலில் முதலில் வெட்டுப்படும்.

எம்.ஆர்.ஐ. கேட்பதற்கு முன் பலமுறை யோசியுங்கள். காந்தத்தின் எடையைத் தாங்கும் தரை, வானொலி அலைகளைத் தடுக்கும் செப்புக் கூண்டு, திரவ ஹீலியம், அது ஒரேயடியாக ஆவியானால் வெளியேற்றும் குழாய், காந்தப்புலம் ஆபத்தாகும் 5 காஸ் எல்லைக்குள் யாரும் தவறி நுழையாத கட்டட அமைப்பு என்று எல்லாம் வேண்டும். மருத்துவமனை இல்லாத பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மாலை நேரங்களை வாங்குவதே அறிவுடைமை.

படங்களைச் சேமிக்கும் இடத்தையும் இப்போதே கேளுங்கள். 1024க்கு 1024 படப்புள்ளி, 16 பிட் என்றால் ஒரு படம் 2 எம்.பி. நான்கு நிறத்துக்கு 8. முப்பது ஆழத்துக்கு 240. சீவல் முழுவதையும் 50 துண்டாக எடுத்து ஒட்டினால் 12 ஜி.பி. ஒரே சீவல்! இதைப் பென்டிரைவில் கொண்டுபோகச் சொல்லும் கூடத்தில் தரவு தொலைவது உறுதி. இரு பிரதிகள் வைக்கும் சேமிப்பகமும், கருவியிலிருந்து அதற்கு நேரடி வலைத்தொடர்பும் வரவுசெலவில் தனி வரியாக இருக்கட்டும்.

அறை

கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் அறைதான். தரைத்தளம், மின்தூக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் சாலைக்கும் தள்ளி. வெப்பநிலை 22 டிகிரி, ஏற்ற இறக்கம் 1 டிகிரிக்குள். ஏ.சி. காற்று நேராக நுண்ணோக்கி மேல் விழக் கூடாது. விழுந்தால் நீண்ட நேரப் படமெடுப்பில் குவியம் நகர்ந்துகொண்டே போகும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் பெரும் பகை. சிக்கனம் என்று இரவில் ஏ.சி.யை நிறுத்தினால் ஒரு மழைக்காலத்தில் பொருளருகு வில்லையில் பூஞ்சை படரும். அந்த வில்லையை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஓராண்டு மின்கட்டணம் பெரிதில்லை. எனவே இரண்டு ஏ.சி.க்களை முறை வைத்து 24 மணி நேரமும் ஓட்டுங்கள். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கட்டும். அரை மணி தாங்கும் ஆன்லைன் யு.பி.எஸ்., தனி நில இணைப்பு வேண்டும். நரம்பணு மின்பதிவு செய்யும் அறையில் நில இணைப்பு சரியில்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாப் பதிவிலும் ஏறி நிற்கும்.

அறையின் வரைபடத்தையும் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். ‘அறை ஒதுக்கப்படும்’ என்ற வரி போதாது. அறை எண்ணோடு பதிவாளரின் கடிதம் வேண்டும்.

வரவுசெலவு: ஐந்தாம் ஆண்டிலிருந்து பின்னோக்கி

விலைப்புள்ளி வாங்கும்போது அதில் உள்ள தொகையை அப்படியே எழுதிவிடுவது முதல் தவறு. வெளிநாட்டுக் கருவிக்கு யூரோவிலோ டாலரிலோ விலை தருவார்கள். விண்ணப்பித்து நிதி கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் விலைப்புள்ளி காலாவதியாகும், ரூபாய் மதிப்பும் நகரும். 10 விழுக்காடு கூடுதலாக வைத்து, காரணத்தையும் அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

இரண்டாவது தவறு வரி. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது நீக்கப்பட்டது. பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுபவர்கள் இன்னும் 5 என்றே போடுகிறார்கள். 18 விழுக்காடு வரி விழும் கருவிக்கு 2 கோடியில் வேறுபாடு 26 லட்சம்; ஒரு கிரையோஸ்டாட் விழுங்கப்பட்டுவிடும். ஒவ்வொரு கருவிக்கும் வரிக்கான பொருள் வகைப்பாட்டு எண்ணான ஹெச்.எஸ்.என். எண்ணையும் நடப்பு வரி விகிதத்தையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சுங்கச் சலுகைக்கு மத்திய அறிவியல், தொழிலக ஆய்வுத் துறையில் (டி.எஸ்.ஐ.ஆர்.) பதிவு வேண்டும், உங்கள் பல்கலைக்கழகத்தின் பதிவு உயிரோடிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி ஓடும் செலவு. 2 கோடிக் கருவிக்கு உதிரிபாகத்தோடு கூடிய முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் 6 விழுக்காடு என்று வைத்தால் ஆண்டுக்கு 12 லட்சம். கருவியை இயக்குபவரின் சம்பளம் மாதம் 40,000 என்றால் 4.8 லட்சம். மின்சாரம், நுண்ணோக்கி எண்ணெய், சில்லறைச் செலவு 3.2 லட்சம். ஆக 20 லட்சம். 1,250 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,600 ரூபாய். உண்மையான அடக்கவிலை இதுதான். இதை உள்ளூர் மாணவரிடம் வசூலிக்க முடியாது.

எனவே மூன்று அடுக்கு. உள் பயனர் 900 மணி நேரம், மணிக்கு 600 வீதம் 5.4 லட்சம். பிற கல்வி நிறுவனம் 250 மணி நேரம், 1,600 வீதம் 4 லட்சம். தொழில் நிறுவனம் 100 மணி நேரம், 4,000 வீதம் 4 லட்சம். மொத்தம் 13.4 லட்சம். பற்றாக்குறை 6.6 லட்சம். இந்த 6.6 லட்சத்தை ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் தரும் என்று துணைவேந்தரோ பதிவாளரோ கையெழுத்திட்ட கடிதம்தான் உங்கள் விண்ணப்பத்திலேயே விலைமதிப்புள்ள தாள். ‘முழு ஒத்துழைப்பு அளிப்போம்’ என்ற கடிதத்தை எல்லோரும் வைப்பார்கள். தொகை எழுதிய கடிதத்தை வைப்பவர் சிலரே. வெளியாருக்கான கட்டணத்தில் ஜி.எஸ்.டி. எப்படிப் பொருந்தும் என்பதை நிதி அலுவலரிடம் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கருவியை இயக்குபவர் பற்றி ஒரு சொல். ஆய்வு மாணவரை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். அவர் பட்டம் வாங்கிப் போகும் நாளில் கருவியைப் பற்றிய அறிவும் போய்விடும். அதற்கு மேல், அது அந்த மாணவருக்குச் செய்யும் அநியாயம். தன் ஆய்வின் நேரத்தைப் பிறர் சீவல்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் வெறுங்கையோடு நிற்பார்.

ஒப்புதல்கள்

எலி, சுண்டெலி என்றால் விலங்குக்கூடம் சி.சி.எஸ்.இ.ஏ. பதிவு பெற்றிருக்க வேண்டும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு அது, முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்டது. ஒவ்வொரு சோதனைக்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வைரஸ் வழியாக மூளைக்குள் மரபணு செலுத்துவதென்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. மனிதரிடம் மூளை மின் அலைகளைப் பதிவு செய்வதென்றால் மனித ஆய்வு நெறிமுறைக் குழு. விண்ணப்பத்தில் பதிவு எண்ணையும் செல்லுபடியாகும் நாளையும் எழுதுங்கள். விலங்குக்கூடப் பதிவு காலாவதியான துறைக்கு நடத்தை அறை தர யாரும் முன்வரமாட்டார்கள்.

குழு முன் நிற்கும்போது

நேரம் குறைவு. துறையின் வரலாற்றுக்கு ஒரு படவில்லை போதும். இரண்டாவதிலேயே மணி நேர அட்டவணையைக் காட்டுங்கள். கருவியின் பளபளப்பான விளம்பரப் படத்தை வைக்காதீர்கள். உங்கள் மாணவர் வேறு ஊரில் எடுத்து வந்த ஒரு நல்ல மூளைப் படத்தை வையுங்கள். கேள்வி எப்படியும் வரும்: ‘பட்டியலில் பாதிதான் தர முடியும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?’ முன்னுரிமை வரிசையைத் துறை ஆசிரியர்கள் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். குழுவின் முன் இருவர் இருவிதமாகப் பதில் சொன்னால் அது பகிர்ந்து பயன்படுத்தும் துறையில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கொள்முதல்

நிதி வந்தபின் ஆண்டு ஓடிவிடுவது இங்கேதான். பொது நிதி விதிகள் 2017இன்படி விளம்பர ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது மூன்று வாரம், வெளிநாட்டு விலைப்புள்ளி எதிர்பார்த்தால் நான்கு வாரம் தர வேண்டும். முதலில் அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் அந்தக் கருவி இல்லை என்பதற்கான அறிக்கையை எடுங்கள். உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பு மேலிட அனுமதி வேண்டியிருந்தது. ஆய்வுக் கருவிகளுக்கு 200 கோடி வரை துணைவேந்தர், நிறுவன இயக்குநர் நிலையிலேயே அனுமதிக்கலாம் என்று 2025 ஜூனில் தளர்த்தினார்கள். உங்கள் நிறுவனம் அந்த ஆணையின் வரம்புக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகமானால் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் குறுக்கே வரும்.

தொழில்நுட்ப விவரக்குறிப்பை விற்பனையாளர் தரும் தாளிலிருந்து நகலெடுக்காதீர்கள். அது ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும், மற்றவர் புகார் தருவார், ஒப்பந்தப்புள்ளி ரத்தாகும், மார்ச் 31 கடந்துவிடும். ‘குறைந்தது’ என்ற சொல்லோடு எழுதுங்கள்: குறைந்தது நான்கு லேசர், 63 மடங்கு எண்ணெய் வில்லை குறைந்தது 1.4 எண் துளை (வில்லை ஒளியைச் சேர்க்கும் திறனின் அளவு), இப்படி. குறைந்தது இரண்டு நிறுவனங்களாவது தேற வேண்டும்.

மூன்றாண்டு உத்தரவாதத்துக்குப் பிந்தைய இரண்டாண்டுப் பராமரிப்பு விலையையும் இதே ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்டு, மிகக்குறைந்த விலை யாருடையது என்று தீர்மானிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் விட்டால், கருவி உங்கள் அறையில் இறங்கியபின் அவர்கள் சொல்வதுதான் விலை. உத்தரவாதம் நிறுவிக் காட்டிய நாளிலிருந்து தொடங்கும் என்றும் எழுதுங்கள். அனுப்பிய நாள் என்றிருந்தால், அறை வேலை முடியாமல் பெட்டி வராந்தாவில் கிடக்கும் மாதங்களெல்லாம் உங்கள் நட்டம்.

ஏற்பதற்கு முன் சோதியுங்கள். 100 நானோமீட்டர் ஒளிர்மணிகளைப் படமெடுத்தால் நுண்ணோக்கியின் உண்மையான பிரிதிறன் தெரியும். உயர்துளை வில்லையில் பக்கவாட்டில் 250 நானோமீட்டருக்குள் வர வேண்டும். இதை விவரக்குறிப்பிலேயே ஏற்பு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டு, கடைசித் தவணையை அதோடு கட்டுங்கள்.

ஓடத் தொடங்கியபின்

இணைய முன்பதிவு, 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாவிட்டால் பாதிக் கட்டணம், மூன்று அமர்வுப் பயிற்சி முடிக்காமல் யாருக்கும் தனியே அனுமதியில்லை. துறைத் தலைவரின் மாணவருக்கும் இதே விதி. இது முதல் மாதத்தில் தளர்ந்தால் பிறகு ஒருபோதும் இறுகாது. ஒவ்வொரு அமர்வும் பயனர், திட்டம், லேசர் ஓடிய நேரம், கோளாறு என்று பதிவாகட்டும். கருவியை ஐ-ஸ்டெமில் ஏற்றுங்கள். பகிர்வைப் பற்றி 2022இல் வந்த ‘ஸ்ரீமான்’ வழிகாட்டுதலைப் படித்துவிட்டுக் கட்டணக் குழுவை அமையுங்கள். அதில் வேறு துறையினர் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

கணக்கு. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிடுங்கள், ஏனெனில் அது போகாமல் அடுத்த தவணை வராது. வங்கியில் நிதிக்குக் கிடைத்த வட்டி உங்களுடையதில்லை, அரசுக்குத் திரும்ப வேண்டும். கருவிகளைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, திட்ட எண்ணைக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள். முன்பதிவுப் படிவத்தில், வெளியாகும் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த எண்ணுக்கு நன்றி தெரிவிப்பதாக ஓர் ஒப்புதல் வரி சேருங்கள். கட்டுரை வெளியானதும் இணைப்பை அனுப்பும் பயனருக்கு அடுத்த இரண்டு மணி நேரம் இலவசம் என்று வைத்தால், நிறைவு அறிக்கைக்கு வேண்டிய பட்டியல் தானாகவே சேர்ந்துவரும்.